சிறு விவசாயிக்குப் பண்ணைக் கணக்கு சொல்லித்தருவது எப்படி? விரிவாக்கப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் நாங்கள் நடத்தும் பண்ணைக் கணக்குப் பயிற்சிக்குத் திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களிலிருந்து விரிவாக்கப் பணியாளர்கள், அதாவது ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு வழிகாட்டும் களப்பணியாளர்கள், வருகிறார்கள். வருவதற்கு முன்னாலும் போன பிறகும் அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

இந்தப் பயிற்சி யாருக்கு? வணிகவியல் படித்திருக்க வேண்டுமா?

உதவி வேளாண்மை அலுவலர்கள், உதவித் தோட்டக்கலை அலுவலர்கள், ஆத்மா (வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தில் இருக்கும் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை (விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனிகள்) நடத்துபவர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் ஆகியோருக்கு. வணிகவியல் தேவையில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும். வகுத்தல்தான் முக்கியம். மொத்தச் செலவைக் கிலோவால் வகுக்கத் தெரியாமல் இந்த வேலை நடக்காது.

நாங்கள் பயிர் படித்தவர்கள். வியாபாரம் சொல்லித்தருவது எங்கள் வேலையா?

உங்களை யாரும் அதற்குப் பழக்கவில்லை என்பது உண்மை. 1868-ல் சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளி தொடங்கினார்கள். அதுதான் பிறகு கோயம்புத்தூருக்குப் போய், கல்லூரியாகி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அன்றிலிருந்தே பாடத்தின் மையம் மண், விதை, பயிர், பூச்சிதான். 1980-களில் உலக வங்கி ஆதரவில் வந்த 'பயிற்சியும் பார்வையிடலும்' முறையும் அதே வழியில்தான் போனது. விஞ்ஞானி சொல்லும் செய்தியை அலுவலர் பதினைந்து நாளுக்கொருமுறை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். செய்தி மேலிருந்து கீழே வரும், அவ்வளவுதான். விளைச்சல் பற்றாக்குறையாக இருந்த காலத்தில் அது சரியான வேலை. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்றைய நிலைமை வேறு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின், அதாவது ஒருவர் பயிரிடும் மொத்த நிலத்தின், சராசரிப் பரப்பு 0.75 எக்டேர். இரண்டு ஏக்கர்கூட முழுதாக இல்லை. 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த கணக்கில், இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலி, சம்பளமாக வந்தது 4,063. பயிரில் வந்தது 3,798. விவசாயக் குடும்பம் என்று பெயர், ஆனால் பயிரைவிடக் கூலிதான் அதிகம் தருகிறது. இந்த நிலையில் ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூடுதலாக எடுப்பது எப்படி என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதி வேலைதான் செய்கிறோம். அந்த இரண்டு மூட்டையை எடுக்க மூன்று மூட்டைக் காசு செலவாகிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்று விவசாயிகளே சொல்கிறார்களே?

எல்லா ஊரிலும் முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். கூட்டம் சிரிக்கும். "என்னா சார், கணக்குப் பாத்தா வெவசாயம் பண்ண முடியுமா?" என்று இன்னொருவர் ஒத்து ஊதுவார். புதிதாக வந்த அலுவலர் அங்கேயே தடுமாறிவிடுவார்.

பழமொழியோடு சண்டைக்குப் போகாதீர்கள். அதில் உண்மை இருக்கிறது. அறுவடை முடிந்து, கடனை அடைத்து, கை காலியானபிறகு கணக்குப் பார்த்தால் மனசு நோவதைத் தவிர என்ன மிஞ்சும்? அந்த நேரத்தில் எந்தச் செலவையும் மாற்ற முடியாது. பார்க்காமல் இருப்பதே மேல் என்று அவர் நினைப்பதில் நியாயம் உண்டு.

நாம் சொல்லித்தர வேண்டிய கணக்கு விதைப்புக்கு முன்னால் போடுகிற கணக்கு. இந்தப் பயிற்சி முழுவதும் நான் வலியுறுத்துவது இந்த ஒன்றைத்தான். விவசாயி நான்கு இடங்களில் முடிவெடுக்கிறார்: எதைப் பயிரிடுவது, பணத்தை எங்கே புரட்டுவது, நடுவில் எவ்வளவு செலவு செய்வது, எங்கே எப்போது விற்பது. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளுக்கு முன்னால் கையில் ஒரே ஒரு எண் இருந்தால் போதும். பயிற்சி என்றாலே எல்லோருக்கும் வழவழ தாளில் அச்சடித்த பண்ணைப் பதிவேடு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் பதிவேட்டின் முதல் இரண்டு பக்கம் தாண்டி எழுதியவர்கள் அபூர்வம். பலர் வீட்டில் அது பிள்ளைகளின் கிறுக்கல் நோட்டாகிவிடும்.

செலவில் எதையெல்லாம் சேர்ப்பது? வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் காசு போட வேண்டுமா?

வகுப்பில் அதிக நேரம் ஓடுவது இந்தக் கேள்வியில்தான். ஓடட்டும்.

பயிற்சிக்காக ஒரு ஏக்கர் நெல் எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. உங்கள் ஊர் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். உழவு 6,000, விதை 1,500, நாற்றும் நடவும் 6,000, உரம் 5,000, களை 3,000, மருந்து 2,000, அறுவடை இயந்திர வாடகை 3,500, ஏற்றிப்போகும் செலவு 1,000. கையை விட்டுப் போன காசு 28,000 ரூபாய். விளைச்சல் 2,000 கிலோ. ஆக, கிலோவுக்கு 14 ரூபாய்.

இனி வீட்டு உழைப்பு. தண்ணீர் கட்டியது, வரப்பு வெட்டியது, காவல் இருந்தது எல்லாம் சேர்த்து 20 ஆள். ஆளுக்கு 400 என்றால் 8,000. இப்போது கிலோ 18 ரூபாய். அடுத்து நிலம். அதே நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் அந்தப் போகத்துக்கு 10,000 வந்திருக்கும் என்று வையுங்கள். அதையும் சேர்த்தால் 23 ரூபாய்.

ஒரே நெல்லுக்கு மூன்று அடக்க விலை. களத்துமேட்டுக்கே வந்து நிற்கிற வியாபாரி 19 ரூபாய் கேட்கிறார். லாபமா, நஷ்டமா? கைக்காசைப் பார்த்தால் கிலோவுக்கு 5 ரூபாய் லாபம். உழைப்பைச் சேர்த்தால் 1 ரூபாய் லாபம். நிலத்தையும் சேர்த்தால் 4 ரூபாய் நஷ்டம். மூன்று பதிலும் சரி. எந்த முடிவுக்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எந்த எண் என்பது. இன்றைக்கு மூட்டையை விற்கலாமா என்பதற்கு மூன்றில் எதுவுமே தேவையில்லை. வேறு யார் எவ்வளவு தருவார் என்பதுதான் வேண்டும். அடுத்த போகமும் நெல் போடலாமா என்பதற்கு 18 வேண்டும். நிலத்தை வைத்துக்கொள்வதா, குத்தகைக்கு விடுவதா என்பதற்கு 23 வேண்டும்.

குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றிய சண்டையின் வேரும் இதுதான். வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் கணக்கிடும் ஏ2 என்பது ஏறத்தாழ நம் 14. ஏ2-வோடு குடும்ப உழைப்பைச் சேர்த்தது 18. சி2 என்பது நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்தது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வேண்டும் என்றது. 2018-19 நிதிநிலை அறிக்கையில் ஒன்றரை மடங்கு என்று மத்திய அரசு அறிவித்தது, ஆனால் நடுவில் உள்ள கணக்கை வைத்து. விவசாய சங்கங்கள் கேட்பது சி2-வை வைத்து. கூட்டத்தில் இதைப் பற்றிக் கேள்வி வரும். எந்தக் கட்சிக்கும் சாயாமல் மூன்று எண்ணையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

வேறொன்று. 400 ரூபாய் கூலி என்று போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். ஒரகடத்திலோ திருப்பெரும்புதூரிலோ தொழிற்சாலை வேலைக்குப் போகக்கூடிய மகனின் ஒரு நாள் உண்மையிலேயே அந்தக் காசு பெறும். எழுபது வயது அப்பா வரப்பில் செலவிடும் காலைப்பொழுதை வெளியே யாரும் விலைக்கு வாங்கப் போவதில்லை. இரண்டுக்கும் ஒரே விலை போட்டால் கணக்கு பொய் சொல்லும். பம்புசெட் மின்சாரமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அது இலவசம், செலவில் வராது. மோட்டார் காயில் எரிந்து போனால் வரும். அதை யாரும் எழுதுவதே இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எப்படி?

எழுதத் தெரியாதவருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பவர் பூக்காரம்மாவிடம் பேரம் பேசிப் பார்த்ததில்லை. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும். தரையில் பன்னிரண்டு கட்டம் கீறுங்கள், சித்திரை முதல் பங்குனி வரை. பணம் வரும் மாதத்தில் கல், போகும் மாதத்தில் கொட்டை. ஒரு கல் ஆயிரம் ரூபாய். அரைமணி நேரத்தில் ஊரின் பணப்புழக்கம் தரையில் விரிந்துவிடும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் கொட்டை குவிந்து கிடக்கும். சொர்ணவாரிப் பருவ நெல்லுக்கு உரம் வைக்க வேண்டிய நேரமும் அதுதான். வட்டிக்கு வாங்குவது ஏன் அப்போது நடக்கிறது என்று நீங்கள் விளக்கவே வேண்டாம்.

இந்தப் பயிற்சியில் பெண்கள் இல்லாவிட்டால் கூட்டத்தையே தள்ளிவையுங்கள். பால் சங்கத்துப் பணம், குழுக் கடன், நகை எந்த வங்கியில் இருக்கிறது, எப்போது மீட்க வேண்டும் என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரைக் கூப்பிடுவது நம் அலுவலகப் பழக்கம். கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவரைக் கூப்பிட வேண்டும்.

பயிற்சியில் கோயம்பேட்டுக்குக் கூட்டிப்போவது எதற்கு? எங்களுக்கு மார்க்கெட் தெரியாதா?

வாங்கப் போனவர்களுக்குத் தெரிந்த மார்க்கெட் வேறு, விற்கப் போகிறவருக்குத் தெரிந்த மார்க்கெட் வேறு. கொத்தவால் சாவடியிலிருந்து மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறியது. காய், பழம், பூ என்று தனித்தனி வளாகங்கள். விடிவதற்கு முன்பே பெரும்பகுதி வியாபாரம் முடிந்துவிடும். ஆகவே நாங்களும் அகால வேளையில்தான் போகிறோம்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுப்போம். ஒருவர் தக்காளிப் பெட்டி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். மதனப்பள்ளி, கோலார் என்று பதில் வரும். அப்போதுதான் உறைக்கும்: ஊத்துக்கோட்டைப் பக்கம் தக்காளி போட்டவருக்கு என்ன விலை கிடைக்கும் என்பதைக் கோலாரில் பெய்யும் மழை தீர்மானிக்கிறது. இன்னொருவர் ஒரே கத்தரிக்காய்க்கு ஏன் இரண்டு விலை என்று விசாரிக்க வேண்டும். அளவு, பளபளப்பு, காம்பு வாடாமல் இருப்பது, மூட்டையின் அடியில் என்ன இருக்கிறது என்று கடைக்காரர் விரித்துச் சொல்வார். தரம்பிரித்தல் பற்றி வகுப்பறையில் இரண்டு மணி நேரம் எடுத்தாலும் அது வராது.

மூன்றாமவரின் வேலை, ஒரு விவசாயிக்கு மண்டியில் எழுதித்தரும் சீட்டை வரி வரியாகப் படிப்பது. இதையும் கணக்காகவே போடுவோம். 200 கிலோ கத்தரி கிளம்புகிறது. வாடல், சேதாரம் போக 190 கிலோ விற்கிறது. விலை 30. மொத்தம் 5,700. கமிஷன் பத்து சதவீதம் என்று வைத்தால் 570. வண்டி வாடகையில் பங்கு 500, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி 150, சாக்கு 80. கைக்கு வருவது 4,400. தோட்டத்தில் பறித்த 200 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 22 ரூபாய். அதே காய்க்கு உள்ளூர் வியாபாரி தோட்டத்திலேயே 21 ரூபாய் ரொக்கம் தருகிறார். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டதற்குக் கிடைத்த கூடுதல் 200 ரூபாய்.

இப்போது வகுப்பிடம் கேட்பேன்: கோயம்பேட்டில் விலை எவ்வளவுக்குக் கீழே போனால் தோட்டத்திலேயே விற்றுவிடலாம்? பத்து நிமிடம் அமைதி. விடை ஏறத்தாழ 29 ரூபாய். இந்த ஒரு எண்ணை விவசாயி தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். சாயங்காலம் போனில் விலை கேட்டுவிட்டு, வண்டி பிடிப்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்வார். இடைத்தரகரைத் திட்டி நாம் பேசும் மேடைப் பேச்சு எதுவும் அவருக்கு இந்த அளவு உதவாது. அந்த உள்ளூர் வியாபாரி பல சமயம் நியாயமான விலைதான் தருகிறார் என்பது கணக்குப் போட்டால்தான் தெரிகிறது. நியாயமில்லாமல் தருகிற நாளும் அதே கணக்கில் தெரிந்துவிடும்.

உழவர் சந்தையில் விற்கச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

சிலருக்குத் தீரும். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. கமிஷன் கிடையாது, அடையாள அட்டை இருந்தால் கடை கிடைக்கும். கீரை, வெண்டை, கத்தரி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலவகை விளைவிப்பவருக்கு, சந்தையில் உட்கார்ந்து விற்க வீட்டில் ஓர் ஆள் இருப்பவருக்கு நல்லது. ஒரே நாளில் 400 கிலோ பூசணி வெட்டுபவருக்கு ஆகாது. மீந்த காயை என்ன செய்வது, விற்க உட்கார்ந்த அரை நாளுக்கு என்ன மதிப்பு என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

விலை எப்படிப் போகும் என்று கேட்டால் என்ன சொல்வது?

ஜோசியம் சொல்லாதீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு மற்றும் ஏற்றுமதிச் சந்தைத் தகவல் மையம் விதைப்புப் பருவத்தை ஒட்டியும் அறுவடையை ஒட்டியும் முக்கியப் பயிர்களுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள், அது கணிப்பு என்பதையும் சேர்த்து. அதைவிட முக்கியம், மூன்று விலைக்குக் கணக்குப் போடப் பழக்குவது: நல்ல விலை, நடு விலை, அடிமாட்டு விலை. அடிமாட்டு விலையில் விற்றாலும் கடனை அடைக்க முடியுமா? முடியாது என்றால் முழு நிலத்திலும் அந்தப் பயிரைப் போடாதீர்கள் என்று சொல்லலாம். போன வருடம் நல்ல விலை போனதென்று மதுராந்தகம், செய்யூர் பக்கம் எல்லோரும் தர்பூசணி போட்டால் என்ன ஆகும் என்பதை அங்குள்ளவர்களே உங்களுக்கு விளக்குவார்கள்.

கடன் விஷயத்தில் தலையிடலாமா? அது அவர்கள் சொந்த விஷயமில்லையா?

யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று பத்துப் பேர் நடுவில் கேட்கக் கூடாது. ஆனால் வட்டியை ஆண்டுக் கணக்குக்கு மாற்றத் தெரியாமல் பண்ணை வியாபாரம் பேச முடியாது. நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். இது பலருக்குத் தெரியும். தெரியாதது மருந்துக்கடைக் கடன். ரொக்கமாகக் கொடுத்தால் 1,000, அறுவடைக்கு அப்புறம் கொடுத்தால் 1,100. "வட்டியெல்லாம் இல்லண்ணா, நம்ம கடைதானே" என்பார் கடைக்காரர். நான்கு மாதத்துக்கு 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 30 சதவீதம். கந்துவட்டி என்று திட்டுகிற ஆளைவிட இது அதிகம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது. 1998-ல் வந்த உழவர் கடன் அட்டையில் குறிப்பிட்ட வரம்பு வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் ஊக்கத்தொகை போக 4 சதவீதம்.

அப்படியிருந்தும் ஏன் கடையில் கடன் வாங்குகிறார்கள்? கடைக்காரர் ராத்திரி எட்டு மணிக்கும் கொடுப்பார், சிட்டா அடங்கல் கேட்க மாட்டார். குத்தகைக்குப் பயிரிடுபவரிடம் காட்ட எந்தக் காகிதமும் இருக்காது. பேச்சுவார்த்தைக் குத்தகை, எழுத்து கிடையாது. அவரைச் சங்கத்துக்குப் போகச் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு. அவருக்கு நாம் செய்யக்கூடியது, எந்தச் செலவை ரொக்கத்தில் செய்தால் அதிகம் மிஞ்சும் என்று காட்டுவது. ஆடு ஒன்றை விற்று மருந்தை ரொக்கத்தில் வாங்குவது பல நேரம் லாபம்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கினால் இதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளாதா?

மத்திய அரசின் 10,000 நிறுவனங்கள் திட்டம் 2020-ல் வந்தது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர், நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுக்கு 18 லட்சம் வரை. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 2017-18-ல் கூட்டுப் பண்ணையம் வந்து, நூறு பேர் கொண்ட குழுவுக்கு 5 லட்சம் தொகுப்பு நிதி கொடுத்தார்கள். திட்டங்களில் குறையில்லை. ஆனால் தன் சொந்த ஏக்கரின் அடக்க விலை தெரியாத முந்நூறு பேர் சேர்ந்தால், அடக்க விலை தெரியாத ஒரு கம்பெனி கிடைக்கும். இயக்குநர் கூட்டத்தில் வரவுசெலவு அறிக்கையைக் கையில் வாங்கிப் படித்துக் கேள்வி கேட்க இரண்டு பேராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே முதலில் இந்தப் பயிற்சியை நடத்துங்கள்.

துறை இலக்கை முடிக்கவே நேரம் போதவில்லை. இதை எப்போது செய்வது?

உங்களிடம் இருக்கும் ஊர்களின் எண்ணிக்கையும், நிரப்பாமல் கிடக்கும் பணியிடங்களும் எனக்குத் தெரியும். புதுக் கூட்டம் போடச் சொல்லவில்லை. எப்படியும் போடுகிற விதைப்பு முன் கூட்டத்தில் முதல் நாற்பது நிமிடத்தைக் கேட்கிறேன்.

இதில் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. இத்தனை பேரை மானியத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்கிற உங்கள் இலக்கே சில சமயம் கணக்குக்கு எதிராக நிற்கும். நிழல்வலைக் குடிலுக்குப் பாதி மானியம் என்றால் மீதிப் பாதி அவர் காசு. சில வருடத்தில் வலை கிழியும், மாற்ற வேண்டும். அந்தச் செலவு விண்ணப்பத்தில் இருக்காது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம் இருக்கிறது, நல்ல விஷயம். அதிலும் குழாயை எலி கடித்தால் யார் மாற்றுவது? மானியத் திட்டத்தை எடுத்துச் சொல்லும்போதே அதன் கணக்கையும் போட்டுக் காட்டிவிடுங்கள். இலக்கில் ஒன்று குறையலாம். அடுத்த முறை நீங்கள் சொல்வதை ஊர் கேட்கும்.

எத்தனை நாள் பயிற்சி? வெளிநாட்டு முறைகளைப் பின்பற்றுகிறீர்களா?

எங்களிடம் ஐந்து நாள், பிறகு ஒரு போகம் முழுக்கக் களத்தில். முன்னோடிகள் உண்டு. 1989-ல் இந்தோனேசியாவில் நெல் வயலில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி, அதை ஒட்டி ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வளர்த்த பண்ணை வணிகப் பள்ளி, மேற்கு ஆப்பிரிக்கக் கோக்கோ விவசாயிகளுக்காக ஜெர்மனி அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜி.ஐ.இசட். 2010 வாக்கில் உருவாக்கிய உழவர் வணிகப் பள்ளி. அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: விவசாயி தன் சொந்த எண்ணை வைத்துத் தானே கணக்குப் போட வேண்டும், பயிற்றுநர் போட்டுத் தரக் கூடாது. கோக்கோ பல வருடம் நிற்கிற மரம். நம் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று வருடத்துக்கு மூன்று முறை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பாட அட்டவணையை அப்படியே கொண்டுவந்தால் பொருந்தாது.

பயிற்சி பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருகைப் பதிவேட்டில் தெரியாது. அடுத்த போகத்துக்கு முன் அந்த ஊருக்குப் போய், "போன தடவை செய்ததில் இந்தத் தடவை எதை மாற்றுறீங்க?" என்று கேளுங்கள். ஒருவர் மருந்தை ரொக்கத்தில் வாங்கியிருப்பார், இன்னொருவர் அரை ஏக்கரில் நெல்லை விட்டு உளுந்து போட்டிருப்பார். சிலர் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள், ஆனால் ஏன் மாற்றவில்லை என்பதற்கு எண்ணோடு காரணம் சொல்வார்கள். அதுவும் வெற்றிதான்.

கணக்கு நஷ்டம் என்று காட்டினால், விவசாயத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. நெல் 19 ரூபாய்க்குப் போகும்போது நிலத்தைச் சேர்த்த கணக்கில் நஷ்டம் என்று மேலே பார்த்தோம். அந்த வீட்டுக்கு அரிசி அந்த வயலிலிருந்துதான் வருகிறது, மாட்டுக்கு வைக்கோலும் அங்கிருந்துதான். கடையில் அரிசி வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் சாப்பாட்டு நெல்லின் கணக்கு வேறு மாதிரி இருக்கும். அதையும் போட்டுக் காட்டுங்கள்.

பெரும்பாலும் கேள்வி விடுவதா, தொடர்வதா என்பதல்ல. மூன்று போகத்தில் எந்தப் போகம் காசைத் தின்கிறது, எந்தத் துண்டு நிலம் தின்கிறது என்பதுதான். தண்ணீர் குறையும்போது நவரையை விட்டுவிட்டு அந்த நாட்களில் வேறு வேலைக்குப் போவது ஒரு குடும்பத்துக்குச் சரியாக இருக்கலாம். பக்கத்து நிலம் மனைக்கட்டாகிவிட்ட இடத்தில் விற்றுவிடலாமா என்றும் கேட்பார்கள். சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. விற்ற பணம் எதில் போகும், மாதம் என்ன தரும், வீட்டில் யார் யாருக்கு என்ன வேலை என்று எழுதிப் பார்க்க உதவுங்கள். முடிவைக் குடும்பம் எடுக்கட்டும். அந்தக் கூட்டத்தில் மனை வியாபாரம் செய்யும் சொந்தக்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால் இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போடுவது உத்தமம்.

பயிற்சிக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

உங்கள் வட்டாரத்தில் ஒரு விவசாயியின் கடைசி ஒரு போகத்துக் காகிதங்கள், அவர் சம்மதத்தோடு: உரக்கடை பில், மண்டிச் சீட்டு அல்லது நெல் கொள்முதல் நிலைய ரசீது, டிராக்டர் வாடகை எழுதிய துண்டுச்சீட்டு இருந்தால் அதுவும். பெயரை மறைத்துவிடுங்கள். இல்லாத காகிதங்களுக்கு அவரோடு உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள். அவர் மனைவியும் கூட உட்கார்ந்தால் பாதி எண்கள் மாறும், மாறியதையே எழுதுங்கள். செல்போனில் கால்குலேட்டர் போதும். மடிக்கணினி வேண்டாம். கோயம்பேடு போகும் நாளுக்குச் சேறானாலும் பரவாயில்லை என்கிற செருப்பு ஒன்று தனியாக.